ஸ்மால்வில் (தொலைக்காட்சித் தொடர்)

ஸ்மால்வில் என்பது சூப்பர்மேன் என்னும் கற்பனை மீநாயகனின் பதின்பருவத்தைக் கூறும் அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகத் தொடர். 2001 அக்டோபர் 16 அன்று தொடங்கி, 2011 மே 13 அன்று நிறைவுற்றது. பத்து சீசன்களில் 217 அத்தியாயங்கள் ஒளிபரப்பாயின. முதல் ஐந்து சீசன்கள் 'தி டபிள்யூபி' தொலைக்காட்சியிலும், அது வேறொரு நிறுவனத்துடன் இணைந்து 'தி சிடபிள்யூ' ஆன பிறகு அடுத்த ஐந்து சீசன்கள் அதிலும் வந்தன. ஆல்ஃபிரட் காஃப், மைல்ஸ் மில்லர் ஆகிய இருவரும் இத்தொடரை உருவாக்கினர். கிளார்க் கென்ட் என்னும் முதன்மைப் பாத்திரத்தில் டாம் வெல்லிங் நடித்தார்.

நீல உடை, சிவப்பு மேலங்கி, மார்பில் 'எஸ்' எழுத்து, வானில் பறத்தல் ஆகியவையே சூப்பர்மேன் என்றதும் நினைவுக்கு வருபவை. இத்தொடரில் இவை எதுவும் ஏறத்தாழ இறுதிவரை இல்லை. பள்ளிக்குச் செல்லும் ஒரு விவசாயக் குடும்பத்துப் பையனே இதன் நாயகன். ஆற்றல் தானாக வந்து சேரலாம், அதைப் பயன்படுத்தும் பண்பு மட்டும் வளர்ப்பில் உருவாக வேண்டும் என்பதே பத்தாண்டுகள் ஓடிய இத்தொடரின் மையக் கருத்து.

பின்னணி

சூப்பர்மேனைப் படைத்தவர்களும் பதின்பருவத்துப் பையன்களாகவே அந்த வேலையைத் தொடங்கினர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்த ஜெரி சீகல் கதை எழுதினார். ஜோ ஷூஸ்டர் படம் வரைந்தார். இருவரும் 1914-இல் பிறந்தவர்கள். பல பதிப்பகங்கள் மறுத்த பின், 1938-இல் வெளிவந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் தோன்றினான்.

அந்தக் கதையில் அவன் வளர்ந்த ஆள். சிறுவயதுச் சூப்பர்மேனான 'சூப்பர்பாய்' 1945-ஆம் ஆண்டு காமிக்ஸில் அறிமுகமானான். அவன் வளர்ந்த ஊருக்கு ஸ்மால்வில் என்ற பெயர் 1949-இல் வந்தது. 'சிற்றூர்' என்பதுதான் அதன் பொருள். 1978-இல் கிறிஸ்டோபர் ரீவ் நடித்த திரைப்படத்துக்குப் பின், அவ்வூர் அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள கான்சஸ் மாநிலத்தின் வேளாண் ஊர் என்பது நிலைபெற்றது. 1988 முதல் 1992 வரை 'சூப்பர்பாய்' என்ற பெயரில் ஒரு தொலைக்காட்சித் தொடரும் வந்தது. அதில் நாயகன் உடை தரித்துப் பறந்தான்.

ஸ்மால்வில் தொடருக்கான எண்ணம் சற்றுச் சுற்றிவளைத்து உருவானது. பேட்மேனின் இளமைக்காலத்தைத் தொடராக எடுக்கும் யோசனையே முதலில் இருந்தது. பேட்மேனைக் கொண்டு திரைப்படம் எடுக்கும் திட்டம் இருந்ததால் அது கைவிடப்பட்டது. பின்னர் சூப்பர்மேன் பக்கம் திரும்பினர். காஃப், மில்லர் இருவரும் ஒரு விதியை வகுத்துக்கொண்டனர்: நாயகன் பறக்கக் கூடாது, இறுக்கமான நாயக உடையும் அணியக் கூடாது. இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் எஞ்சியிருப்பவன் கிளார்க் என்னும் பையன் மட்டுமே. அந்தப் பையனைப் பற்றி எழுதியாக வேண்டிய கட்டாயத்தை அவர்கள் தாங்களே ஏற்படுத்திக்கொண்டனர்.

முதல் அத்தியாயத்தை ஏறத்தாழ 84 லட்சம் பேர் பார்த்தனர். அந்தத் தொலைக்காட்சியின் புதிய தொடர் ஒன்றின் தொடக்கத்துக்கு அது அப்போது சாதனையாக இருந்தது. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டுச் சரியாக ஐந்து வாரங்களே ஆகியிருந்த நேரம் அது.

ஊரும் மக்களும்

தேனி மாவட்டத்து ஓடைப்பட்டி என்றதும் விதையில்லாத் திராட்சை நினைவுக்கு வருவதுபோல, கதையில் வரும் ஸ்மால்வில் என்றதும் மக்காச்சோளம் நினைவுக்கு வரும். அது உலகின் மக்காச்சோளத் தலைநகரம் என்று பெருமை கூறும் வரவேற்புப் பலகை ஊர் எல்லையில் நிற்கிறது. 1989-இல் ஒருநாள் அவ்வூர்மீது விண்கற்கள் மழையாகப் பொழிகின்றன. வீடுகளும் வயல்களும் அழிகின்றன, உயிர்கள் போகின்றன. அதன்பின் பலகையில் ஊரின் அடைமொழி 'விண்கல் தலைநகரம்' என்று மாறிவிடுகிறது. ஓர் ஊரின் வாழ்க்கை எப்படிப் புரண்டது என்பதை அந்த ஒரு பலகையே சொல்லிவிடுகிறது.

அந்த விண்கல் மழையோடு ஒரு சிறு விண்கலமும் வந்து விழுகிறது. அதிலிருந்த குழந்தையைப் பிள்ளையில்லாத ஜோனதன் கென்ட், மார்த்தா கென்ட் தம்பதி எடுத்து வளர்க்கின்றனர். அவனே கிளார்க். அதே நாளில் லானா லாங் என்னும் சிறுமி தன் பெற்றோரை இழக்கிறாள். தந்தையுடன் அங்கு வந்திருந்த ஒன்பது வயது லெக்ஸ் லூதர் வயலில் சிக்கித் தலைமுடி முழுவதையும் இழக்கிறான்.

கிளார்க் வளர்ந்தபின் தெரிந்துகொள்ளும் உண்மை இதுதான்: தன் வருகையே அந்த அழிவையும் கொண்டுவந்தது. அவன் விரும்பும் பெண் அனாதையானதும் அந்த நாளில்தான். லானா கழுத்தில் அணிந்திருக்கும் பச்சைக்கல், அவளுடைய பெற்றோரைக் கொன்ற விண்கல்லின் துண்டு. அதுவே கிரிப்டோனைட். அது அருகில் வந்தால் கிளார்க்கின் உடல் தளர்ந்துவிடும். பிடித்த பெண்ணின் பக்கத்தில் நின்று பேச முடியாமல் தடுமாறும் பையனின் நிலையை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

கென்ட் குடும்பம் கடனோடும் விளைச்சலோடும் போராடும் சிறு விவசாயக் குடும்பம். லெக்ஸின் தந்தை லயனல் லூதர் பெரும் தொழிலதிபர். அவ்வூரில் ஒரு குடும்பம் நடத்திவந்த மக்காச்சோள ஆலையை அவர் வாக்குறுதி கொடுத்து வாங்கி, வாக்கை மீறி உரத் தொழிற்சாலையாக மாற்றிவிட்டவர். ஜோனதனுக்கு லூதர் குடும்பத்தின்மீது இருக்கும் கசப்புக்கு இதுவே வேர். நிலத்தை நம்பி வாழும் ஊருக்குள் பெருமுதலாளி ஒருவர் நுழையும்போது என்ன நிகழும் என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தொடர் கான்சஸில் எடுக்கப்படவில்லை. கனடாவின் வான்கூவர் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் படப்பிடிப்பு நடந்தது. லூதர் மாளிகையின் வெளித்தோற்றமாகக் காட்டப்படுவது விக்டோரியா நகரருகே உள்ள ஹாட்லி கோட்டை.

முதன்மைக் கதைமாந்தர்

கிளார்க் கென்ட் (டாம் வெல்லிங்): வேற்றுக்கோளில் பிறந்து மண்ணில் வளர்பவன். பள்ளி மாணவனாக நடிக்கத் தொடங்கியபோது நடிகருக்கு வயது 24.

லெக்ஸ் லூதர் (மைக்கேல் ரோசன்பாம்): கிளார்க்கின் நெருங்கிய நண்பன், பிற்காலத்தில் சூப்பர்மேனின் முதன்மை எதிரி.

லானா லாங் (கிறிஸ்டின் க்ரூக்): கிளார்க் விரும்பும் பக்கத்துவீட்டுப் பெண்.

குளோயி சல்லிவன் (ஆலிசன் மேக்): பள்ளி இதழின் ஆசிரியர். காமிக்ஸில் இல்லாமல் தொடருக்கென்றே படைக்கப்பட்ட பாத்திரம்.

ஜோனதன் கென்ட் (ஜான் ஷ்னைடர்), மார்த்தா கென்ட் (ஆனெட் ஓ'டூல்): வளர்ப்புப் பெற்றோர். 1983-இல் வந்த மூன்றாவது சூப்பர்மேன் திரைப்படத்தில் லானாவாக நடித்தவரே இங்கு மார்த்தா.

லயனல் லூதர் (ஜான் குளோவர்): லெக்ஸின் தந்தை.

லோயிஸ் லேன் (எரிகா டியூரன்ஸ்): நான்காம் சீசனில் அறிமுகமாகும் செய்தியாளர்.

ஆற்றலும் வயதும்

தொடர் தொடங்கும்போது கிளார்க்கிடம் மிகுந்த வலிமையும் வேகமும் இருக்கின்றன. காயம் படாத உடலும் இருக்கிறது. மற்ற ஆற்றல்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. பொருள்களை ஊடுருவிப் பார்க்கும் பார்வை முதல் சீசனிலும், கண்ணிலிருந்து வெப்பம் பாயும் ஆற்றல் இரண்டாம் சீசனிலும், தொலைவில் உள்ளதைக் கேட்கும் செவி மூன்றாம் சீசனிலும், புயலாக ஊதும் மூச்சு ஆறாம் சீசனிலும் அமைகின்றன.

எந்த ஆற்றலும் பரிசுபோல வருவதில்லை. அது எப்போது வரும், எதனால் தூண்டப்படும், எப்படி நிறுத்துவது என எதுவும் அவனுக்குத் தெரியாது. கண்ணில் வெப்பம் பாய்வது முதன்முதலாக ஒரு பெண்மீது ஈர்ப்பு ஏற்படும்போது நிகழ்கிறது, வகுப்பறையில் தீப்பற்றிக்கொள்கிறது. குரல் உடைவது, மீசை அரும்புவது, காரணமின்றிச் சினம் பொங்குவது என உடல் தன் போக்கில் மாறும் வயதையே தொடர் இப்படி உருவகமாகக் காட்டுகிறது. தந்தை அவனை வயல்வெளிக்கு அழைத்துச் சென்று, சோளக்கொல்லைப் பொம்மையைக் குறிவைத்துப் பார்வையைக் கட்டுப்படுத்தப் பழக்குகிறார்.

முதல் அத்தியாயத்தில் வரும் ஒரு காட்சி இத்தொடரின் திறவுகோல் எனலாம். பாலத்தில் வேகமாக வந்த லெக்ஸின் கார் கிளார்க்மீது மோதி இருவரும் ஆற்றில் விழுகின்றனர். கிளார்க் அவனைக் காப்பாற்றுகிறான். நன்றிக்காக லெக்ஸ் ஒரு புதிய வண்டியைப் பரிசாக அனுப்புகிறான். அதைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி தந்தை சொல்ல, வாக்குவாதம் எழுகிறது. கிளார்க் மரக்கிளைகளைத் தூளாக்கும் இயந்திரத்துக்குள் கையை நுழைத்து, கீறல்கூட இல்லாத கையை வெளியே எடுத்துக் காட்டுகிறான். தான் மற்றவர்களைப் போன்றவன் அல்லன் என்ற வேதனைதான் அதில் வெளிப்படுகிறது. அதன் பிறகே தந்தை அவனை நிலவறைக்கு அழைத்துச் சென்று அவன் வந்த விண்கலத்தைக் காட்டுகிறார். பிள்ளை கேட்ட பிறகும் மறைப்பது வளர்ப்பாகாது என்று அவர் உணரும் இடம் அது.

இரு பிள்ளைகள், இரு தந்தையர்

தொடரின் சிறந்த பகுதி கிளார்க், லெக்ஸ் இருவரின் நட்பு. பின்னாளில் பகைவர்களாகப் போகும் இருவர் என்பது பார்வையாளருக்கு முன்பே தெரியும். ஆனால் தொடக்கத்தில் லெக்ஸ் கெட்டவன் அல்லன். தாயை இழந்தவன், தந்தையின் அன்புக்கு ஏங்குபவன், நல்லவனாக இருக்க முயல்பவன். கென்ட் வீட்டுச் சமையலறையில் நின்று அந்தக் குடும்பத்தை அவன் பார்க்கும் பார்வையில் ஏக்கம் தெரிகிறது.

லயனல் தன் மகனை வாழ்நாள் முழுவதும் ஒரு போட்டிக்குப் பழக்குவதாக எண்ணுகிறார். யாரையும் நம்பாதே, வெல்லும்வரை நிற்காதே என்பதே அவர் கற்றுத்தரும் பாடம். மூன்றாம் சீசனில் தன் குற்றம் மகனால் வெளிப்படும் என்ற நிலை வந்ததும், அவனை மனநோயாளி என்று காட்டி மருத்துவமனையில் அடைத்து, மின்னதிர்ச்சி கொடுத்து நினைவை அழிக்கவும் அவர் தயங்குவதில்லை. ஏழாம் சீசனில் அந்த மகன் கையாலேயே அவர் மாள்கிறார். விதைத்ததையே அவர் அறுத்தார்.

ஜோனதன் கென்ட்டைக் குறையே இல்லாதவராகத் தொடர் காட்டவில்லை. அவர் முன்கோபக்காரர். லூதர் என்ற பெயரைக் கேட்டாலே மகனையும் தந்தையையும் ஒன்றாகவே எடைபோட்டுவிடுபவர். கிளார்க்கைச் சட்டப்படி தத்தெடுத்ததாகக் காட்டுவதற்கு லயனலின் உதவியை அவரே பெற்றிருந்தார் என்பதும், மக்காச்சோள ஆலையை விற்கச் சொல்லி அந்தக் குடும்பத்திடம் பேசியது அதற்கு ஈடாகச் செய்த வேலை என்பதும் இரண்டாம் சீசனில் தெரியவருகின்றன. நேர்மையைப் போதித்த தந்தையின் வாழ்விலும் ஒரு சமரசம் மறைந்திருந்தது. பிள்ளைகள் பெற்றோரின் சொல்லைவிட அவர்களின் திணறலிலிருந்தே மிகுதியாகக் கற்கிறார்கள் என்பதைத் தொடர் இங்கு உணர்த்துகிறது.

பொய் குறித்தும் தொடர் ஒரு சிக்கலான கேள்வியை எழுப்புகிறது. உண்மை பேசு என்று சொல்லும் பெற்றோரே, உன் ஆற்றலை யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்கிறார்கள். கிளார்க் ஒவ்வொரு நாளும் நண்பர்களிடம் பொய் சொல்கிறான். லெக்ஸ் அதை உணர்ந்து, மறைவாக ஆராயத் தொடங்குகிறான். தன்னைப் பற்றிய சான்றுகளை லெக்ஸ் ஓர் அறை நிறையச் சேர்த்து வைத்திருப்பதைக் கிளார்க் மூன்றாம் சீசனின் இறுதியில் காணும்போது நட்பு முறிகிறது. நம்பிக்கையின்மை ஒருவன் பக்கம் மட்டும் இல்லை. ஒருவன் மறைத்தான், மற்றவன் வேவு பார்த்தான்.

பிறப்பும் வளர்ப்பும்

இரண்டாம் சீசனில் 2003 பிப்ரவரி 25 அன்று ஒளிபரப்பான அத்தியாயம் தனிச்சிறப்புடையது. திரைப்படங்களில் சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் அதில் டாக்டர் விர்ஜில் ஸ்வான் என்னும் அறிவியலாளராகத் தோன்றினார். 1995-இல் குதிரையிலிருந்து விழுந்ததால் கழுத்துக்குக் கீழ் உடல் செயலிழந்திருந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே நடித்தார். கிளார்க்கின் இயற்பெயர் கால்-எல் என்பதையும், அவன் கிரிப்டன் என்னும் அழிந்த கோளைச் சேர்ந்தவன் என்பதையும் அவரே சொல்கிறார். பறக்கும் மனிதராகத் திரையில் உலகம் கண்டவர், அசையாமல் அமர்ந்து அடுத்த தலைமுறைக்கு வழி காட்டிய அக்காட்சி பார்த்தவர்களை நெகிழச் செய்தது. 2004 அக்டோபரில் ரீவ் மறைந்தார்.

அதே அத்தியாயத்தில் கிளார்க் தன் விண்கலத்திலிருந்து இன்னொரு செய்தியையும் அறிகிறான். பெற்ற தந்தை ஜோர்-எல் விட்டுச் சென்ற அந்தச் செய்தி, இந்த மனிதர்களை வலிமையால் ஆள வேண்டும் என்கிறது. கிளார்க் அஞ்சுகிறான். இதற்காகத்தான் தான் அனுப்பப்பட்டோமா என்று கலங்குகிறான். வளர்த்த தந்தையோ, அவன் என்ன ஆவான் என்பதை அவனே தீர்மானிக்க வேண்டும் என்று தேற்றுகிறார். பெற்றவர் ஆளச் சொல்கிறார். வளர்த்தவர் உதவச் சொல்கிறார். சூப்பர்மேனாக அவன் பின்னாளில் எதைத் தேர்ந்தான் என்பது உலகுக்குத் தெரியும்.

ஐந்தாம் சீசனில், 2006 ஜனவரி 26 அன்று வந்த நூறாவது அத்தியாயத்தில் ஜோனதன் மாநில மேலவைத் தேர்தலில் வெற்றி பெற்ற இரவே மாரடைப்பால் இறக்கிறார். மலையைப் பெயர்க்கும் வலிமை கொண்ட மகனால் தந்தையின் இதயத்தை மீண்டும் துடிக்க வைக்க முடியவில்லை. தொடரில் கிளார்க் முழுமையாக வளர்ந்தவனாகும் இடம் இதுவே என்று கொள்ளலாம்.

உரிமை வழக்கு

திரைக்கு வெளியிலும் ஸ்மால்வில் ஒரு பழைய நியாயக் கேள்வியைக் கிளப்பியது. 1938-இல் சீகலும் ஷூஸ்டரும் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்குப் பதிப்பகத்திடம் எழுதிக் கொடுத்தனர். அந்தப் பாத்திரம் பிறருக்குக் கோடிகளை ஈட்டித் தந்தது; படைத்தவர்கள் முதுமையில் வறுமையில் வாடினர். பொதுமக்களின் கவனத்துக்கு இது வந்த பின், 1975-இல் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகை தரவும், படைத்தவர்கள் என்று பெயர் போடவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

சூப்பர்பாய் குறித்த மனக்குறை வேறு. சிறுவயதுச் சூப்பர்மேனைப் பற்றிய யோசனையைச் சீகல் முன்வைத்தபோது பதிப்பகம் ஏற்கவில்லை. பின்னர் அவர் படைப்பணியில் இருந்த காலத்தில், அவரைக் கலக்காமலேயே அக்கதை அச்சேறியது. 1992-இல் ஷூஸ்டரும் 1996-இல் சீகலும் மறைந்தனர். உரிமையை மீட்கச் சீகலின் குடும்பத்தினர் தொடுத்த வழக்கில், சூப்பர்பாய் உரிமை குடும்பத்துக்கே திரும்பிவிட்டது என 2006-இல் ஒரு நீதிபதி கூறினார். அதன்படி ஸ்மால்வில் தொடரே உரிமை மீறலாக இருக்கக்கூடும் என்ற நிலை தோன்றியது. 2007-இல் மற்றொரு நீதிபதி அத்தீர்ப்பை மாற்றினார். 2001-இல் இரு தரப்பும் எட்டிய உடன்பாடு செல்லும் என்று 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியதையடுத்து, உரிமைகள் நிறுவனத்திடமே நின்றன.

1938-இல் கொடுக்கப்பட்ட காசோலையில் மற்றப் பணிகளுக்கான தொகையும் சேர்த்து மொத்தம் 412 டாலர் எழுதப்பட்டிருந்தது. அந்தத் தாள் 2012-இல் நடந்த ஏலத்தில் 1,60,000 டாலருக்கு விலைபோனது. வாங்கியவர்களுக்கு அது அரும்பொருள். அதில் பெயர் எழுதப்பட்ட இருவரும் அப்போது உயிருடன் இல்லை.

தமிழ் மரபும் இந்தியக் கதைகளும்

மாற்றுப் பெற்றோரிடம் வளரும் அருஞ்சிறுவன் இந்தியக் கதைமரபுக்குப் புதியவன் அல்லன். சிறையில் பிறந்து ஆயர்பாடியில் நந்தகோபனிடமும் யசோதையிடமும் வளர்ந்த கண்ணன் அப்படிப்பட்டவனே. தேரோட்டியின் வீட்டில் வளர்ந்த கர்ணனும் அப்படியே. பெரியாழ்வார் யசோதையின் நிலையில் நின்று கண்ணனின் குழந்தைப் பருவத்தைப் பாடினார். அவ்வழியில் வளர்ந்த பிள்ளைத்தமிழ், பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாக்கிப் பத்துப் பருவங்களில் பாடும் இலக்கிய வகை.

ஆனால் பிள்ளைத்தமிழின் பருவங்கள் குழந்தையின் இரண்டு வயதுக்குள் முடிந்துவிடுகின்றன. புராணங்களும் காப்பியங்களும் பெரும்பாலும் மழலையைப் பாடும். அடுத்து வீரத்தைப் பாடும். இடையில் உள்ள தடுமாற்றமான ஆண்டுகளை அவை விரைந்து கடந்துவிடும். ஸ்மால்வில் எடுத்துக்கொண்டது அந்த இடைவெளியைத்தான்.

தமிழ் வாசகர்களுக்கு மீநாயகக் கதைகள் 1970-களில் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் வழியாகப் பரவலாகின. அதன் புகழ்பெற்ற இரும்புக்கை மாயாவி ஒரு பிரித்தானியப் படக்கதையின் நாயகன். விபத்தால் ஆற்றல் பெற்ற அவன், மூலக்கதையின் தொடக்கத்தில் அதைத் தீய வழியில் பயன்படுத்திப் பிறகே திருந்துகிறான். ஆற்றல் கிடைத்ததும் பண்பு கூடவே வந்துவிடுவதில்லை என்பதற்கு அதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் வந்த 'சக்திமான்' இந்தியாவின் பெரும்புகழ் பெற்ற மீநாயகத் தொடர். முகேஷ் கன்னா அதில் நடித்தார். தவத்தாலும் யோகத்தாலும் ஆற்றல் பெற்ற, முதிர்ந்த நாயகன் அவன். குழந்தைகளுக்கு நேரடியாக அறிவுரை கூறும் பகுதியும் அதில் உண்டு. ஸ்மால்விலில் அறிவுரை கேட்கும் இடத்தில் நாயகனே நிற்கிறான் என்பது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. 2006-இல் வந்த 'கிரிஷ்' இந்தித் திரைப்படத்தில், பேரனின் ஆற்றலை உலகம் அறிந்தால் ஆபத்து என்று பாட்டி அவனை மலைப்பகுதியில் மறைத்து வளர்ப்பது ஸ்மால்வில் கதைக்கு நெருக்கமானது. 2023-இல் வந்த 'வீரன்' என்னும் தமிழ்த் திரைப்படத்தில் மின்னல் தாக்கி ஆற்றல் பெறும் கிராமத்துப் பையன் நாயகனாகிறான்.

குறைகள்

தொடரின் எல்லாப் பகுதிகளும் ஒரே தரத்தில் இல்லை. தொடக்க சீசன்களில் விண்கல்லால் விபரீத ஆற்றல் பெற்ற ஒருவரைக் கிளார்க் வாரம் ஒருமுறை எதிர்கொள்வது என்ற ஒரே அச்சில் பல கதைகள் வார்க்கப்பட்டன. கிளார்க், லானா இருவரின் காதல் சேர்வதும் பிரிவதுமாக ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. நான்காம் சீசனோடு பள்ளி வாழ்க்கை முடிந்தது. ஏழாம் சீசனுக்குப் பின் படைப்பாளர்கள் காஃபும் மில்லரும் விலகினர். லெக்ஸாக நடித்த ரோசன்பாமும் விலகினார். அதன்பின் கிளார்க் நாளிதழில் பணியாற்றும் இளைஞன். பதின்பருவக் கதை என்ற அடிப்படை அங்கேயே முடிந்துவிட்டது. பறக்கக் கூடாது என்ற விதி மட்டும் தொடர்ந்தது. பிறர் பறப்பதைப் பார்த்துக்கொண்டு நாயகன் மட்டும் நடப்பது சில இடங்களில் செயற்கையாகத் தோன்றும்.

நிறைவும் தாக்கமும்

இறுதி அத்தியாயத்தில் மறைந்த ஜோனதனின் உருவம் தோன்றி, கிளார்க்கின் கையில் அந்த நீல உடையைக் கொடுக்கிறது. பெற்ற தந்தையின் கோளிலிருந்து வந்த ஆற்றலுக்கு உரிய உடையை, மண்ணில் உழுது வளர்த்த தந்தை கையளிக்கிறார். அந்த உடையுடன் கிளார்க் பறக்கிறான். பத்தாண்டு காத்திருப்புக்குத் தொடர் தரும் விடை இது.

தொடரின் வெற்றி, காமிக்ஸ் நாயகர்களைக் கொண்டு நீண்ட தொலைக்காட்சி நாடகங்கள் எடுக்கலாம் என்ற நம்பிக்கையை அளித்தது. அதே தொலைக்காட்சியில் 2012-இல் 'ஆரோ', 2014-இல் 'தி ஃபிளாஷ்' ஆகிய தொடர்கள் வந்தன. 2019-இல் அத்தொடர்கள் இணைந்து வழங்கிய சிறப்புக் கதையில் வெல்லிங் மீண்டும் கிளார்க்காகத் தோன்றினார். அதில் கிளார்க் தன் ஆற்றல்களைத் துறந்து, பெண் குழந்தைகளுக்குத் தந்தையாக, அதே பண்ணையில் உழைத்து வாழ்கிறான். லெக்ஸ் அவனைத் தேடி வந்து கொல்ல முயலும்போது, ஆற்றல் இல்லாத கிளார்க் அவனை ஒரு குத்தில் திருப்பி அனுப்பிவிட்டு, மீண்டும் விறகு வேலைக்குத் திரும்புகிறான். ஜோனதன் கென்ட் செய்த வேலையை இப்போது அவன் மகன் செய்கிறான்.